அப்பாரு என்றால் யார்

‘பட்டிப்படல்’ நாவல், புத்தகம் படிக்க மாட்டிக்கொள்ளும் தெளிவுக்கண்ணாடியில் ஏறிய மூன்றாவது வாரம், சங்கவி காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படி முழுக்கச் சாணிக்கரைசல் வழிந்துகொண்டிருந்தது. வாசல் தெளித்த சாணியல்ல. கதவில் இடுப்பு உயரத்துக்கு வாளியோடு வீசி அடித்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் பல் துலக்கியபடி நின்று பார்த்தாள். போன மாதம்வரை ‘அக்கா, அக்கா’ என்று சுற்றிவந்தவள். சங்கவி நிமிர்ந்ததும் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். பற்பசையைத்தான் துப்பினாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சங்கவி துடைப்பத்தை எடுத்தாள்.

கணவன் பூபாலன் வெளியே வரவில்லை. அவள் கதவைக் கழுவி முடித்து உள்ளே போனபோது கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்க போய் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“யாரைப் போயிக் கேக்கறது? ஊரே படிச்சிருக்குது.”

“நீங்களும் படிச்சீங்களா?”

அவன் சட்டைப்பையில் இருந்த தெளிவுக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதுவே பதிலாக இருந்தது.

அந்த நாவல் வந்து அறுபது வருஷமாகிறது. எழுதியவர் சங்கவியின் பெரியப்பா சென்னியப்பன். கரிச்சிபாளையத்துத் தோட்டங்காட்டுப் பேச்சிலேயே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல் எழுதினார். விருது கொடுத்தார்கள். நூறு சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் ஓர் இடம் இருந்தது. ஆனால் படித்தவர்கள்தான் இல்லை. கல்லூரியில் பாடமாக வைத்தபோது மாணவர்கள் மூன்றாம் பக்கத்தில் மூடிவிட்டு, கடையில் கிடைத்த சுருக்கத்தைப் படித்துத் தேர்வு எழுதினார்கள். மண்வாசனை வீசுகிறது என்று மேடையில் பேசியவர்களும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. அந்தப் பேச்சைப் பேசிய ஊர்க்காரர்களுக்கே அது அச்சில் வந்தபோது எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அலுத்துப்போய் வைத்துவிட்டார்கள். பிறகு புத்தகமும் அச்சில் இல்லாமல் போயிற்று.

தெளிவுக்கண்ணாடி வந்த பிறகு அந்தச் சிரமமெல்லாம் தீர்ந்தது. எந்த வட்டாரப் பேச்சில் எழுதிய புத்தகமாக இருந்தாலும் கண்ணாடிக்குள் அது பத்திரிகைத் தமிழில் ஓடும். மூலம் கண்ணில் படாது. வேண்டும் என்று கேட்டவர்களும் இல்லை. ‘பட்டிப்படல்’ ஏறிய முதல் வாரமே நான்கு லட்சம் பேர் படித்தார்கள். கரிச்சிபாளையம் கிழக்குக் காலனியில் கண்ணாடி வைத்திருந்த அத்தனை பேரும் படித்தார்கள். அவர்களைப் பற்றிய கதை அல்லவா!

எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கூலி உயர்த்திக் கேட்ட காலனிக்காரர்களைப் புகையிலைச் சாளைக் கொட்டகைக்குள் அடைத்துப் பூட்டித் தீ வைத்தது ஊருக்குத் தெரிந்த செய்திதான். மூன்று பேர் செத்தார்கள். யார் வைத்தது என்று போலீசும் கண்டுபிடிக்கவில்லை, கோர்ட்டும் கண்டுபிடிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டவர் மட்டும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கவியின் தாத்தா முத்துச்சாமி. திறந்துவிட்ட மறுமாதமே நிலத்தை விட்டுவிட்டுத் தாராபுரத்துக்குக் குடிபோனவர். பத்து வருஷத்துக்கு முன் சங்கவி பூபாலனைக் கட்டிக்கொண்டு காலனிக்கு வந்தபோது, அவள் வீட்டார் தலைமுழுகினார்கள். காலனிக்காரர்கள்தான் ‘தொறந்துவிட்டவர் பேத்தி’ என்று ஆலாத்தி எடுத்தார்கள். அங்கேயே துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியாகவும் ஆனாள். காலனிக் குழந்தைகளில் பாதிப்பேருக்கு முதல் ஊசி அவள் போட்டதுதான்.

கண்ணாடியில் அந்தப் பக்கம் இப்படி இருந்தது: ‘தந்தை எரிகிற கட்டையை எடுத்துக் கொட்டகைக் கூரையில் செருகினார். சாவி ஐயா ஒருவர் கையில் இருந்தது. ஐயா வேலமரத்தடியில் குனிந்துகொண்டார். பத்து முறை நீர் இறைக்கும் நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து போய்த் திறந்தார்.’

கதையைச் சொல்கிறவன் பத்து வயதுப் பையன். அந்தப் பையன்தான் சென்னியப்பன். சென்னியப்பனின் தந்தை முத்துச்சாமி. கணக்கு சரியாகப் போயிற்று.

அன்று தடுப்பூசி நாள். பதினொரு மணிவரை ஒரு குழந்தைகூட வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மாமியார் தனபாக்கியம் வந்தாள். எழுபது வயது. இரத்த அழுத்த மாத்திரைக்காக வந்தவள் போல இல்லை. வாசலிலேயே நின்றாள்.

“சாயங்காலத்துக்குள்ள உன்ற துணிமணிய எடுத்துக்க.”

“அத்தை, அது தப்பா வந்திருக்குதுங்க. எங்க தாத்தா தொறந்துவிட்டவருங்க.”

“தொறந்தது வேற ஆரோ ஒரு ஐயாவாமா. உங்க தாத்தன் கட்டைய சொருகுனவனாமா. அவன் பெத்த பையனே எழுதி வெச்சிருக்கறான். அதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்?”

“பெரியப்பா அப்படி எழுதியிருக்க மாட்டாருங்க.”

“நீ படிச்சயா அந்தப் புத்தகத்த?”

சங்கவி படித்ததில்லை. வீட்டில் அந்தப் புத்தகம் இருந்ததே இல்லை. சின்ன வயதில் கேட்டபோது அவள் அப்பா, “அது புரியாது, விடு” என்று சொல்லிவிட்டார்.

“எனக்கு முன்னால பொறந்த அண்ணன் ஒருத்தன். நாலு வயசு. சுப்பன்னு பேரு. எங்கம்மா அவன இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் உள்ளார இருந்தா. இத்தன நாளா உன்ற கையால சோறு வாங்கித் தின்னனே!” தனபாக்கியம் வாசலில் நின்றபடியே சொன்னாள். “சாயங்காலம்.”

சங்கவி துணி எடுக்கவில்லை. நிலையத்தைப் பூட்டிவிட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

தெளிவு நிறுவனத்தின் அலுவலகத்தில் சொற்பொருள் பிரிவுக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். பெயர் திரவியம். நாற்பது வயதிருக்கும். அவள் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

“மேடம், இதுவரைக்கும் இந்த நாவலுக்கு முந்நூறு புகார். எல்லாமே உங்க சாதிக்காரங்ககிட்ட இருந்து. ‘எங்களைக் கேவலப்படுத்திட்டீங்க.’ நீங்க முந்நூத்தி ஒண்ணு.”

“நான் கேக்கறது அது இல்லீங்க. மூலத்துல ‘தந்தை’ன்னு இருக்குதா? அதை மட்டும் காட்டுங்க.”

“மூலம் உங்களுக்குப் புரியாது.”

“அது நான் பேசற பேச்சுங்க.”

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேட்டால் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால் திரையைத் திருப்பினார். பழைய அச்சு, எழுத்துகள் உடைந்திருந்தன. சங்கவி விரல் வைத்துத் தேடினாள். முதல் சொல்லிலேயே விரல் நின்றது.

“அப்பாரு! அப்பாருன்னுதானே போட்டிருக்குது!”

“ஆமா. அப்பாரு. அப்பா.”

“அப்பாருன்னா அப்பா இல்லீங்க. அப்பாவோட அப்பா. தாத்தா. எங்க பக்கம் பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். பெத்தவர அய்யன்னு சொல்லுவாங்க.”

திரவியம் ஏதோ தட்டிப் பார்த்தார். “இயந்திரம் கணக்கு வெச்சிருக்கு மேடம். இதுவரைக்கும் அச்சான புத்தகத்துல அப்பாருன்னு வர்ற இடத்துல நூத்துக்கு எண்பத்தொண்ணு அப்பாதான். எங்க ஊர்லயும் அப்பாதான். பத்தொன்பதுதான் தாத்தா.”

“அந்தப் பத்தொன்பதுல ஒண்ணுதான் இது.”

“பெரும்பான்மை எதுவோ அதைத்தானே இயந்திரம் எடுக்கும்?”

“பெரும்பான்மை எடுத்ததுல எங்க ஊட்டுக் கதவுல சாணி அடிச்சிருக்காங்க. ஊசி போட ஒரு கொழந்தை வரல. சாயங்காலத்துக்குள்ள ஊட்ட விட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. உங்க இயந்திரம் வந்து எனக்குக் குடி வெச்சுக் குடுக்குமா?” அவள் குரல் உயர்ந்ததில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “அடுத்த வரியப் பாருங்க. ‘சாவி அய்யன் கையில இருந்துச்சு.’ அய்யன்! ஐயா ஒருவராம், ஐயா. பெத்த அப்பனையே ஊர் பேர் இல்லாத ஆளாக்கிட்டீங்களே. கட்டைய சொருகினது கொள்ளுத்தாத்தா. சாவி வெச்சிருந்தது எங்க தாத்தா. நாங்க சொன்னதுதான் அப்படியே எழுதியிருக்குது!”

திரவியம் அந்த வரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். தவறு நடந்திருக்கிறது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததால் எரிச்சல் கூடியது.

“ஒரு நாளைக்கு நாலாயிரம் சொல் என் மேசைக்கு வருது மேடம். நான் ஒரே ஆள். கோவைப் பக்கத்துச் சொல்லு, நெல்லைச் சொல்லு, கடற்கரைச் சொல்லு, எல்லாம் நானே பார்க்கணும். ‘எண்பத்தொண்ணு’ன்னு வந்தா நான் ‘சரி’ன்னு அழுத்துவேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?”

“திருத்துங்க.”

“தொண்ணூறு நாள் ஆகும். வேணும்னா உங்களை இந்த அத்தியாயத்துக்கு உள்ளூர்ச் சான்றாளராப் பதிவு பண்றேன். சந்தேகம் இருக்கற சொல்லை இயந்திரம் உங்ககிட்ட நேரா அனுப்பும். நீங்க சொல்றது இறுதி. இனிமே யாரும் வந்து என்கிட்டக் கத்த வேண்டாம்.”

பதிவு செய்துகொண்டாள். அந்த அத்தியாயத்தின் மூலப்பக்கம் நான்கையும் அச்செடுத்து வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் அந்த ஐந்து வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. ‘குக்கிக்கிட்டாரு’ என்று ஒரு சொல். அது அவளுக்குத் தெரியாது. கண்ணாடி ‘குனிந்துகொண்டார்’ என்கிறது. குனிந்து பூட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார் தாத்தா. பத்துச் சால் தண்ணீர் இறைக்கிற நேரம். துருப்பிடித்த பூட்டாக இருந்திருக்கும். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆத்திரமும் வந்தது. தொண்ணூறு நாள் எல்லாம் காத்திருக்க முடியாது.

சாயங்காலம் தாண்டியும் அவள் வீட்டைவிட்டுப் போகவில்லை. நான்கு நாட்கள் அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. தனபாக்கியம் தனக்குத் தனியாக உலை வைத்துக்கொண்டாள். பூபாலன் மட்டும் ஒரு தடவை, “கொஞ்ச நாளைக்குத் தாராபுரம் போயிட்டு வாயேன்” என்றான். “போனா வர மாட்டேன்” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக்கூடத்தில் காலனியின் மாதக் கூட்டம். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். சங்கவி காகிதத்தோடு உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

“இங்க என்ன வேலை?” என்றான் தலைவர் நாற்காலியில் இருந்த இளைஞன் கதிர்வேந்தன். “வெளிய போங்க.”

“அஞ்சு நிமிசம். மூலத்தைக் கொண்டாந்திருக்கறேன். படிச்சுப்போட்டுப் போறேன்.”

“எங்களுக்குப் படிக்கத் தெரியும். படிச்சாச்சு.”

“நீங்க படிச்சது எங்க பெரியப்பா எழுதுனது இல்ல. ஒரு இயந்திரம் எழுதுனது.”

பின்னாலிருந்து யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒருவன் எழுந்து அவள் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்க வந்தான். தனபாக்கியம் சுவரோரம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

“படிக்கட்டும். என்னதான் எழுதியிருக்கறான்னு காதுல கேட்டுப்போடலாம்.”

சங்கவி பக்கத்தின் தலைப்பிலிருந்து தொடங்கினாள். முதலில் தடுமாறினாள். பிறகு கண் காட்டிய எழுத்தைவிட வாய் வேகமாகப் போயிற்று. அது அவள் வாய்க்குத் தெரிந்த பேச்சு. ஒரு வெள்ளாடு சந்தைக்காரனின் குடையைத் தின்றுவிட்ட கதை முதலில் வந்தது. பல் இல்லாத ஒரு கிழவர் சட்டென்று சிரித்தார். பக்கத்திலிருந்த கிழவியும் சிரித்தாள். இளைஞர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன சொல்கிறாள் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணால் படித்தபோது யாருக்கும் சிரிப்பு வராத பக்கம் அது.

அடுத்த பத்தி வந்ததும் அவள் குரலை உயர்த்தினாள்.

“‘அப்பாரு எரியற கட்டைய எடுத்துச் சாளைக் கூரையில சொருகிப்போட்டாரு.’ கேட்டீங்களா? அப்பாரு! எங்க தாத்தா இல்ல, அவரோட அப்பன். ‘சாவி அய்யன் கையில இருந்துச்சு.’ அய்யன்னா ஆருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இதுதான் எங்க தாத்தா. ‘அய்யன் வேலமரத்தடியில குக்கிக்கிட்டாரு. பத்துச் சால் எறைக்கற நேரம் குக்கிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் எந்திரிச்சுப் போய்த் தொறந்தாரு.’”

நிமிர்ந்து பார்த்தாள். வெற்றி பெற்றவளின் முகம் அது. கிழவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். கிழவி வாயைப் பொத்தியிருந்தாள்.

“மறுக்காப் படி” என்றாள் தனபாக்கியம்.

“எதைங்க?”

“அய்யன் என்ன பண்ணுனாரு?”

“குக்கிக்கிட்டாரு.”

“அப்படீன்னா?”

“குனிஞ்சாருங்க. பூட்டத் தொறக்கறக்கு...”

வயதானவர்களில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. தனபாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூடத்தின் நடுவுக்கு வந்தாள். சேலையை முழங்காலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, சங்கவிக்கு நேர் எதிரில், குதிகாலில் பாரம் வைத்து மெல்ல உட்கார்ந்தாள். கைகளை முழங்காலில் போட்டுக்கொண்டு அண்ணாந்து மருமகளைப் பார்த்தாள்.

“இதுதான் குக்கறது” என்றாள்.

சங்கவி காகிதத்தைப் பார்த்தாள். வேலமரத்தடி. பூட்டு கதவில் அல்லவா இருக்கும்? வேலமரத்தில் எந்தப் பூட்டு? பத்துச் சால் தண்ணீர் இறைக்கும் நேரம். எந்திரிச்சு. நிமிர்ந்து இல்லை, எந்திரிச்சு. இத்தனை தடவை படித்தும் கண்ணில் படாதது இப்போது ஒவ்வொன்றாய் வந்து நின்றது.

“எங்கம்மா சொல்லியிருக்கறா” என்றாள் தனபாக்கியம், உட்கார்ந்தபடியே. “பலகைச் சந்துல பாத்தாளாமா. வெளிய ஒருத்தன் மரத்தடியில குக்கிக்கிட்டு இருந்தானாமா. கத்தக் கத்தப் பாத்துக்கிட்டே இருந்தானாமா. பொகையில மொகம் தெரியலயாமா. ஆருன்னு கடைசிவரைக்கும் சொல்லல. தொறந்துவிட்ட புண்ணியவான் வேற, குக்கிக்கிட்டிருந்தவன் வேறன்னுதான் நான் நெனச்சிருந்தேன்.”

“அப்பனும் மகனும் சேந்து பண்ணுன கொலை!” கதிர்வேந்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “இவிங்களுக்கு ஆலாத்தி எடுத்தோமே!” கூடம் இரைந்தது. யாரோ தூக்கி எறிந்த தண்ணீர்க் குவளை சங்கவியின் தோளில் பட்டு விழுந்தது. பூபாலன் கூட்டத்தில்தான் இருந்தான். எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். ஆனால் அவளைத் தொடவில்லை.

“மீதியப் படி” என்றாள் தனபாக்கியம்.

படிக்காமல் போய்விடலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். சங்கவி அடுத்த காகிதத்தை மேலே எடுத்து, இதுவரை அவளும் பார்த்திராத அடுத்த வரிகளைப் படித்தாள். “‘நான் அய்யன்கிட்ட ஓடிப்போயி, ஏனய்யா தொறக்கலீங்கன்னு கேட்டேன். அப்பாரு பாத்துக்கிட்டு நிக்கறாரு கண்ணு, அவரு போகட்டும்னு சொன்னாரு. அப்பாரு போனதுக்கப்பறம் தொறந்தாரு. எட்டுப் பேரு வந்தாங்க. மூணு பேரு வரல.’”

யாரும் எதுவும் எறியவில்லை. தனபாக்கியம் கையை ஊன்றி எழுந்து, ஒருவர் உதவியும் இல்லாமல், வெளியே போனாள்.

அன்று மாலை சங்கவி பெட்டியைக் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்தின் பின்னறைக்குப் போனாள். பூபாலன் பெட்டியைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனான். அவள் போகச் சொல்லித்தான் போனான்.

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை முற்பகல், தனபாக்கியம் வந்தாள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“மாத்திரை தீந்துபோச்சு.”

சங்கவி இரத்த அழுத்தப் பட்டையை எடுத்தபோது மேசையிலிருந்த பலகைத்திரை அதிர்ந்தது. தெளிவு நிறுவனம். ‘உள்ளூர்ச் சான்றாளர் அவர்களுக்கு. அப்பாரு, அய்யன் திருத்தங்கள் ஏற்கப்பட்டன, தொண்ணூறு நாளுக்குள் வெளியாகும். ஐயத்துக்குரிய சொல் ஒன்று மீதமுள்ளது. குக்கிக்கிட்டாரு: குனிந்துகொண்டார். இது சரியா?’ கீழே இரண்டு கட்டங்கள். சரி. தவறு.

சரி என்பதைத் தொட்டால் போதும். நான்கு லட்சம் பேருக்கும், இனிமேல் படிக்கப்போகிற அத்தனை பேருக்கும், முத்துச்சாமி பூட்டின் முன் குனிந்தே நிற்பார். மூலத்தைத் தேடிப் போய் யாரும் படிக்கப்போவதில்லை. குக்கு என்ற சொல் தெரிந்தவர்கள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு இருப்பார்கள். எதிரில் இருந்தவளுக்குத் திரை தெரியவில்லை. சன்னல் வழியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கவி ‘தவறு’ என்பதைத் தொட்டாள். காலியாக வந்த கட்டத்தில் எழுதினாள்: குந்தி உட்கார்ந்துகொண்டார்.

திரை மறுபடி கேட்டது. ‘ஆதாரம்? நூல். அகராதி. ஆய்வாளர். பிற.’

“அத்தை.”

“ம்.”

“அந்த வார்த்தைக்கு ஆதாரம் கேக்கறாங்க. எந்தப் புத்தகத்துல இருக்குதுன்னு.”

தனபாக்கியம் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளாமல் வைத்திருந்தாள்.

“கன்னியாள்னு போடு” என்றாள் கடைசியில். “எங்கம்மா. கரிச்சிபாளையம். உள்ளார இருந்தவள்னு போடு.”

சங்கவி அவள் சொன்னபடியே போட்டாள்.